பழைய மேஜைக்கு வந்த யோகம்

கூரை மேல் மழையில் கிடந்தது. சீமையில் லட்சக் கணக்கில் விலை போனது!

கிண்டியில் ஒரு பழைய வீடு. அதை இடித்துவிட்டு அடுக்கு மாடி கட்டப் போகிறார்கள். வீட்டில் உள்ளவர்கள் மூட்டை முடிச்சுகளைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூடத்தின் மூலையில் ஒரு தேக்கு மேஜை. தாத்தா உட்கார்ந்து கணக்கு எழுதிய மேஜை அது. இரண்டு பக்கமும் இழுப்பறைகள். நடுவில் ஒரு பூட்டு. சாவி காணாமற்போய் வெகு காலம் ஆகிறது.

"இது லிப்டில் நுழையாது, அம்மா" என்கிறார் மகன்.

பழைய சாமான் வாங்குபவர் வருகிறார். மேஜையைத் தட்டிப் பார்க்கிறார். உதட்டைப் பிதுக்குகிறார்.

"மரம் உளுத்துப் போச்சும்மா. தூக்கிட்டுப் போற கூலிக்குக்கூடத் தேறாது. இருந்தாலும் நீங்க சொல்றீங்களேன்னு எடுத்துக்கிறேன்."

"இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. கொண்டு போப்பா."

பேரம் முடிந்தது. மேஜை மூன்று சக்கர வண்டியில் ஏறிவிட்டது.

இந்தக் காட்சி கிண்டியில் மட்டும் நடக்கவில்லை. சைதாப்பேட்டை, மாம்பலம், மயிலாப்பூர், அடையாறு, எங்கெல்லாம் பழைய வீடுகள் இடிபடுகின்றனவோ அங்கெல்லாம் நடக்கிறது. மேஜை போகிறது. அலமாரி போகிறது. புத்தக பீரோ போகிறது. "போனால் போகட்டும்" என்று நினைப்பவர்கள், சண்டிகார் நகரத்தில் நடந்ததைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

சண்டிகார் கதை

1947-ல் நாடு பிரிந்தது. பஞ்சாபின் தலைநகரமாக இருந்த லாகூர், பாகிஸ்தானுக்குப் போய்விட்டது. இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகரம் இல்லை. சரி, புதிதாக ஒரு நகரத்தையே கட்டிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பிரதமர் நேரு அதில் மிகுந்த அக்கறை காட்டினார்.

பிரான்சு நாட்டில் புகழ் பெற்றிருந்த கட்டிடக் கலைஞர் லெ கொர்புசியே 1951-ல் வந்தார். அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜானரேயும் கூட வந்தார். 1953-ல் நகரம் திறந்து வைக்கப்பட்டது.

கொர்புசியே அவ்வப்போது வருவார், போவார். ஜானரே அப்படி இல்லை. அங்கேயே தங்கிவிட்டார். 1965 வரை அந்த ஊர்தான் அவருக்கு வீடு. 1967-ல் அவர் சுவிட்சர்லாந்தில் இறந்தார். அவருடைய அஸ்தி சண்டிகாருக்குக் கொண்டு வரப்பட்டு, அங்குள்ள சுக்னா ஏரியில் கரைக்கப்பட்டது. அவ்வளவு பற்று!

புது நகரம் என்றால் தலைமைச் செயலகம் வேண்டும். ஐகோர்ட்டு வேண்டும். பல்கலைக்கழகம், நூலகம், ஆஸ்பத்திரி எல்லாம் வேண்டும். கட்டிடம் எழுந்தால் போதுமா? உள்ளே மேஜை, நாற்காலி, அலமாரி வேண்டாமா? வெளிநாட்டில் இருந்து வரவழைக்கச் சர்க்காரிடம் பணம் இல்லை. ஜானரேயும் அவருடன் வேலை செய்த இந்தியக் கட்டிடக் கலைஞர்களும் படம் வரைந்து கொடுத்தார்கள். உள்ளூர்த் தச்சர்கள் செய்து கொடுத்தார்கள்.

தேக்கு மரம். பிரம்புப் பின்னல். பள்ளிக்கூடத்துக் காம்பஸ் விரிந்து நிற்பது போன்ற கால்கள். பூ வேலை, கொடி வேலை எதுவும் கிடையாது. குமாஸ்தாவின் எழுது மேஜையும் அதே மாதிரி. நூலகத்துப் புத்தக அலமாரியும் அதே மாதிரி. ஒவ்வொன்றின் முதுகிலும் எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது, எத்தனையாவது எண் என்று பெயிண்டினால் எழுதி வைத்தார்கள். யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் செய்த காரியம் அது. பின்னால் அந்த எழுத்துக்கே தனி விலை வரப்போகிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

குப்பைமேடு ஆன கூரை

நாற்பது ஆண்டுகள் ஓடின. பிரம்பு அறுந்தது. கால் ஆடியது. இரும்பு மேஜைகளும் பிளாஸ்டிக் நாற்காலிகளும் வந்தன. பழையவற்றைக் கூரைமேல் தூக்கிப் போட்டார்கள். மலைபோல் குவிந்தன. வெயிலில் காய்ந்தன. மழையில் நனைந்தன. இடம் போதாமல் போனபோது ஏலம் போட்டார்கள். பழைய சாமான் விலை. எடுத்தவர்கள் பலர் அடுப்பு விறகு என்று நினைத்துத்தான் எடுத்தார்கள்.

1990-களின் கடைசியில் பிரான்சு நாட்டு வியாபாரிகள் சிலர் சண்டிகாருக்கு வந்தார்கள். ஏலத்தில் கலந்துகொண்டார்கள். நூற்றுக் கணக்கில் வாங்கினார்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பாரிஸில் பட்டறை வைத்துப் பழுது பார்த்தார்கள். புதுப் பிரம்பு பின்னினார்கள். கொர்புசியே யார், ஜானரே யார் என்று விளக்கிப் புத்தகம் போட்டார்கள்.

அப்புறம் பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் ஏலம் நடந்தது. சண்டிகார் குமாஸ்தாவின் மேஜை, லட்சக் கணக்கான ரூபாய்க்குப் போனது! சினிமா நட்சத்திரங்களும் கோடீசுவரர்களும் வாங்கித் தங்கள் மாளிகைகளில் போட்டுக்கொண்டார்கள். இந்த மேஜை நாற்காலிகள் சீமை மாளிகையில் இருந்து சண்டிகார் வரை வந்த வழியைப் பின்னோக்கிக் காட்டும் ஒரு படத்தையே அமெரிக்கக் கலைஞர் ஏமி சீகல் 2013-ல் எடுத்தார்.

செய்தி இங்கே எட்டியதும் பரபரப்பு ஏற்பட்டது. "நம் சொத்தைக் கொள்ளை கொண்டு போகிறார்களே!" என்று கூக்குரல் கிளம்பியது. 2011-ல் மத்திய உள்துறை அமைச்சகம் உத்தரவு போட்டது. சண்டிகாரின் பாரம்பரிய மேஜை நாற்காலிகளை இனி ஏலம் போடக் கூடாது, விற்கக் கூடாது என்பது அதன் சாரம். எத்தனை மிச்சம் இருக்கின்றன என்று கணக்கும் எடுத்தார்கள். அப்புறமும் திருட்டு நிற்கவில்லை. சீமை ஏலமும் நிற்கவில்லை. 2016-ல் சண்டிகாரின் தலைமைச் செயலகக் கட்டிடத் தொகுதியை உலகப் பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ அறிவித்தது. கட்டிடத்துக்குப் பெருமை வந்தது. அதன் உள்ளே இருந்த மேஜைகளில் பல அதற்குள் கடல் கடந்துவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

"இது கடத்தல்தானே, பிடிக்க வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல்.

நம் நாட்டில் பழம்பொருள்கள், கலைச் செல்வங்கள் பற்றிய சட்டம் 1972-ல் இயற்றப்பட்டது. அதன்படி ஒரு பொருள் பழம்பொருள் ஆக வேண்டுமானால், அதற்குக் குறைந்தது 100 வயது ஆகியிருக்க வேண்டும். ஏட்டுச் சுவடி போன்றவற்றுக்கு மட்டும் 75 வயது போதும். பழம்பொருளைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சரி. ஆனால் 1955-ல் செய்த மேஜைக்கு 100 வயது எப்போது ஆகும்? 2055-ல்! அதுவரை அது சட்டத்தின் கண்ணில் வெறும் பழைய மேஜைதான். ஏலத்தில் முறையாகப் பணம் கட்டி எடுத்தார்கள். முறையாகக் கப்பலில் ஏற்றினார்கள். யார் தடுப்பது?

இங்கிலாந்தில் வேறு மாதிரி. 50 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கலைப்பொருள், குறிப்பிட்ட விலையைத் தாண்டினால் வெளியே கொண்டு போக உத்தரவு கேட்க வேண்டும். நாடு விரும்பினால் அனுமதியைச் சில காலம் நிறுத்தி வைக்கலாம். அதற்குள் உள்நாட்டில் யாராவது அந்த விலை கொடுத்து வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. விற்பவருக்கும் நஷ்டம் இல்லை. இந்த மாதிரி ஏற்பாடு இங்கே இல்லை. 100 ஆண்டு என்ற கோடு கோவில் சிலைகளுக்குப் பொருந்தும். சுதந்திரத்துக்குப் பிறகு செய்த பொருள்கள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு வெளியேதான் நிற்கின்றன.

வெளிநாட்டு வியாபாரிகள் மேல் மட்டும் பழி போடுவதும் நியாயம் ஆகாது. கூரையில் மக்கிக்கொண்டிருந்ததை அவர்கள் எடுத்துப் பழுது பார்த்தார்கள். விற்றது யார்? நாம்தான். என்ன விற்கிறோம் என்பது விற்றவர்களுக்குத் தெரியவில்லை. வாங்கியவர்களுக்குத் தெரிந்திருந்தது. விலை வித்தியாசம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

மரத்துக்கா இந்த விலை?

இல்லை. அதே தேக்கில், அதே தச்சர், பக்கத்து வீட்டுக்குச் செய்து கொடுத்த மேஜைக்கு அந்த விலை கிடைக்காது. சண்டிகார் மேஜைக்கு வரைபடம் இருக்கிறது. வரைந்தவர் பெயர் இருக்கிறது. எந்த அலுவலகத்துக்காக எந்தக் காலத்தில் செய்தது என்பது முதுகில் எழுதி இருக்கிறது. மரத்தின் விலை ஆயிரம் என்றால், மிச்சம் எல்லாம் இந்த அத்தாட்சியின் விலை.

அத்தாட்சி இல்லாவிட்டால் பெரிய மனிதர்கள்கூட ஏமாந்து போவார்கள். 18-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஹோரஸ் வால்போல் என்ற பிரபு இருந்தார். பழைய பொருள் என்றால் அவருக்கு உயிர். கருங்காலி மரத்தில் நுணுக்கமாகச் செதுக்கிய நாற்காலிகளை அவர் வாங்கிச் சேர்த்தார். இங்கிலாந்தின் பழைய ராஜாக்கள் காலத்தவை என்று நம்பினார். அதைப் பார்த்து மற்றவர்களும் நம்பினார்கள். உண்மையில் அவை நம்முடைய சோழமண்டலக் கரையில் 17-ம் நூற்றாண்டில் செய்தவை! நம் ஊர்த் தச்சரின் கைவேலை, சீமையில் ராஜா வீட்டு நாற்காலி ஆகிவிட்டது.

பீரோ என்றால் என்ன?

எழுது மேஜையும் அலமாரியும் நமக்கு வந்த வழியே சுவையானது. பழைய நாளில் நம்மவர்கள் தரையில் உட்கார்ந்து எழுதினார்கள். கணக்குப்பிள்ளைக்கு முன்னால் சாய்வான பெட்டி ஒன்று இருக்கும். மேல் மூடிதான் எழுதும் பலகை. உள்ளே ஏடு, பேனா, சில்லறைக் காசு. சிங்கப்பூரிலும் ரங்கூனிலும் வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் கிட்டங்கியில் ஆளுக்கு ஒரு பெட்டியை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தச் சின்னப் பெட்டிதான் ஆபீஸ். ஆயிரக் கணக்கில் பணம் அதில் புரண்டது.

உயரமான சாமான்கள் கப்பல்காரர்களோடு வந்தன. "மேசை", "அலமாரி" இரண்டும் போர்ச்சுக்கீசியச் சொற்கள். "பீரோ" பிரெஞ்சுச் சொல். அந்தச் சொல்லுக்கு அங்கே முதலில் முரட்டுக் கம்பளித் துணி என்று பொருள். எழுதும் மேஜைமேல் அந்தத் துணியை விரித்தார்கள். மேஜைக்கே அந்தப் பெயர் வந்தது. பிறகு மேஜை இருக்கும் அறைக்கு வந்தது. பிறகு அலுவலகத்துக்கே வந்தது. நம் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, புடவையும் நகையும் வைத்துப் பூட்டும் அலமாரி ஆகிவிட்டது! கல்யாணச் சீரில் பீரோ வாங்கிக் கொடுக்கும் தகப்பனார், பிரெஞ்சுக்காரர் கணக்கில் எழுது மேஜை வாங்கிக் கொடுக்கிறார்.

கிண்டிக்கு அடுத்த பரங்கிமலையில் வெள்ளைக்காரர்களின் பீரங்கிப் படை தங்கியிருந்தது. பட்டாளத்து அதிகாரி இன்று இங்கே, நாளை வேறு ஊர். அவர்களுக்கென்றே தனி வகைச் சாமான்கள் உண்டு. இழுப்பறைப் பெட்டி இரண்டாகப் பிரியும். காலைத் திருகினால் கழன்று வரும். மூலைகளில் பித்தளைத் தகடு. கைப்பிடி வெளியே நீட்டாமல் மரத்துக்குள் பதிந்திருக்கும். மாட்டு வண்டியில் ஏற்றினாலும் இடித்துக்கொள்ளாது.

விசாகப்பட்டினம் அந்தக் காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தது. அங்கே 18-ம் நூற்றாண்டில் யானைத் தந்தம் இழைத்த எழுது மேஜைகளைக் கம்பெனிக்காரர்களுக்காகச் செய்தார்கள். இன்று லண்டன் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கின்றன.

அப்புறம் இரும்பு வந்தது. 1923-ல் கோத்ரெஜ் கம்பெனி இரும்பு அலமாரி செய்யத் தொடங்கியது. கறையான் அரிக்காது, திருடன் உடைக்கக் கஷ்டப்படுவான். மர அலமாரி கூடத்தில் இருந்து பின்கட்டுக்குப் போனது. சண்டிகார் எழுந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான், 1958-ல், கிண்டித் தொழிற்பேட்டையும் உண்டாயிற்று. புதிய பட்டறைகள், புதிய அலுவலகங்கள். அந்தத் தலைமுறையின் தேக்கு மேஜைகளும் கோப்பு அலமாரிகளும்தான் இன்று சென்னையில் வீடுகளில் இருந்தும் அலுவலகங்களில் இருந்தும் காயலான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லாப் பழைய மேஜையும் லட்சம் பெறும் என்று யாரும் கனவு காண வேண்டாம். பெரும்பாலானவை பெறாது. ஆனால் என்ன வைத்திருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அரை மணி நேரம் போதும்.

இழுப்பறையை முழுவதும் வெளியே இழுங்கள். பக்கப் பலகையும் முன் பலகையும் சேரும் மூலையைப் பாருங்கள். புறாவின் வாலைப் போல விரிந்த பற்கள் ஒன்றோடு ஒன்று கோத்திருக்கின்றனவா? பற்கள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருந்தால் கையால் அறுத்தது. அச்சில் வார்த்தது போல ஒரே அளவாக இருந்தால் இயந்திர வேலை. ஆணி மட்டும் அடித்திருந்தால் அவசர வேலை.

திருகாணியின் தலையைப் பாருங்கள். கூட்டல் குறி போன்ற பள்ளம் இருந்தால், அந்த ஆணி 1930-களுக்கு முன்னால் இருந்திருக்க முடியாது. மேஜை அதற்கும் பழையதாக இருக்கலாம். யாரோ நடுவில் பழுது பார்த்திருக்கிறார்கள். அடிப்பலகை ஒட்டுப்பலகையா, ஒரே மரமா என்று பாருங்கள். பிறகு மேஜையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தையும் முதுகையும் விளக்கு வைத்துப் பாருங்கள். கடையின் பெயர்ச் சீட்டு, பித்தளைத் தகடு, பெயிண்டு எழுத்து, ஏல எண் ஏதாவது இருக்கும். அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்!

உள்ளேயும் கையை விட்டுப் பாருங்கள். பழைய எழுது மேஜைகளில் கள்ள அறை வைப்பது வழக்கம். இழுப்பறை வெளியே நீளமாகத் தெரிந்து, உள்ளே குட்டையாக இருந்தால், பின்னால் இன்னொரு அறை இருக்கக் கூடும். பத்திரமோ, கடிதமோ, பிறந்த நாள் குறித்த சீட்டோ அதில் தங்கியிருக்கலாம். மேஜையோடு அதையும் சேர்த்து விற்றுவிட்டு, பிறகு பத்திர ஆபீசுக்கு நடக்க வேண்டாம்.

பெரும் தவறு ஒன்று பலர் செய்கிறார்கள். விற்பதற்கு முன் "பளபள" என்று ஆக்குகிறேன் என்று உப்புத்தாளைப் போட்டுத் தேய்த்து, மேலே கண்ணாடி போல வார்னிஷ் அடித்துவிடுகிறார்கள். பழைய மெருகு, அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் துணியால் தடவித் தடவி ஏற்றியது. காலம் போகப் போக அதற்கு ஒரு நிறம் வரும். அதைத் தேய்த்து எடுத்தால் வயதையே தேய்த்து எடுத்தது போலத்தான். வாங்குபவர் விலையைப் பாதியாகக் குறைப்பார். ஈரத் துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியால் துடைத்தால் போதும். பூச்சி விழுந்திருந்தால் தச்சரைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு மட்டும் வைத்தியம் செய்யலாம். மேஜையின் கால் ஈரச் சுவரை ஒட்டி நிற்காமல் பார்த்துக்கொண்டால் கறையான் பயம் பாதி குறையும்.

சில எச்சரிக்கைகளும் உண்டு. தந்தம் பதித்த சாமானாக இருந்தால் விற்கும் பேச்சையே எடுக்கக் கூடாது. 1986-ல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தி இந்திய யானைத் தந்த வியாபாரத்தைத் தடுத்தார்கள். 1991-ல் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கும் தடை வந்தது. இங்கிலாந்திலும் 2022 முதல், சில விலக்குகள் தவிர, தந்தப் பொருள் வியாபாரம் தடை. ஈட்டி மரச் சாமானை வெளிநாட்டுக்கு அனுப்பவும் கட்டுப்பாடு உண்டு. 100 வயது தாண்டிய நல்ல வேலைப்பாடு உள்ள சாமான் பழம்பொருள் சட்டத்துக்குள் வரலாம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்ப நினைப்பவர்கள் தொல்பொருள் துறையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

வாங்குபவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். விலை ஏறியதும் போலிகள் வந்துவிட்டன. சண்டிகார் மாதிரி நாற்காலிகளை இன்று புதிதாகவே செய்கிறார்கள். புதியது என்று சொல்லி விற்றால் குற்றம் இல்லை. பழைய பெயிண்டு எழுத்தையும் புதிதாக எழுதி, வெயிலில் போட்டுக் காயவைத்து விற்றால்? காரைக்குடியில் முனீசுவரன் கோவில் தெருவுக்குப் போனால் செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பர்மாத் தேக்குச் சாமான்களைக் கடை கடையாகப் பார்க்கலாம். நான்கு கடை ஏறி இறங்கினால் பழைய மரத்துக்கும் பழையது போன்ற மரத்துக்கும் வித்தியாசம் கண்ணுக்கே தெரிந்துவிடும். காசு செலவில்லாத படிப்பு.

ஒரு தாள் போதும்

சர்க்கார் அலுவலகங்கள், கல்லூரிகள் இவற்றின் பொறுப்பு பெரிது. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1920-ல் கிண்டிக்கு வந்தது. அத்தனை வயதான கல்விச் சாலைகள் சென்னையில் பல உண்டு. உதவாதது என்று ஒரு மேஜையைத் தள்ளும்போது, ஏலப் பட்டியலில் அதன் வயது என்ன, எங்கே செய்தது என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து எழுதலாம். ஒரு போட்டோவும் எடுத்து வைக்கலாம். இதற்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை. சண்டிகாரில் ஏலத்துக்கு முன்னால் இதைச் செய்திருந்தால் 2011-ல் உத்தரவு போட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

வீட்டுக்கும் அதே வழிதான். மேஜையை யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த ஆண்டில், எந்தத் தச்சர் செய்தார் என்று வீட்டுப் பெரியவரைக் கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பழைய ரசீது இருந்தால் கூட வையுங்கள். தாத்தா அந்த மேஜை முன் உட்கார்ந்திருக்கும் போட்டோ இருந்தால் மிகவும் நல்லது. எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு நடு இழுப்பறையில் வைத்துவிடுங்கள். விற்றாலும் சரி, பேரனுக்குக் கொடுத்தாலும் சரி, உறை மேஜையோடு போகட்டும். விற்பது என்று முடிவு செய்தால், வாசலுக்கு வந்த முதல் ஆளிடமே கொடுத்துவிடாமல் மூன்று பேரிடம் விலை கேளுங்கள். முதல் ஆள் உளுத்துப் போன மரம் என்பார். மூன்றாவது ஆள் எவ்வளவு சொல்கிறார் என்று பார்க்கலாம்.

லிப்டில் நுழையாது என்ற கவலைக்கும் வழி இருக்கிறது. இரண்டு பக்கமும் இழுப்பறை உள்ள பழைய மேஜைகளில் பெரும்பாலானவை மூன்று துண்டுகள். இழுப்பறைகளை எல்லாம் உருவிவிட்டு மேல் பலகையை இரண்டு பேர் நேராகத் தூக்கினால் தனியே வந்துவிடும். முளைக்குச்சிகளில்தான் உட்கார்ந்திருக்கும். சில மேஜைகளில் உள்பக்கம் நாலைந்து திருகாணி இருக்கும், கழற்றிவிட வேண்டும். இரண்டு பக்கப் பெட்டிகளும் தனித்தனி. பலகையைச் செங்குத்தாக நிறுத்தினால் சாதாரண லிப்டிலேயே போகும். எந்தப் பெட்டி வலது, எந்தப் பெட்டி இடது என்று சாக்குக்கட்டியால் எழுதிக்கொண்டால் மேலே போய்ப் பூட்டும்போது தடுமாற வேண்டியதில்லை.